எண்ணுப்பெயரும் இலக்க வடிவும்

எண்ணையும் எழுத்தையும் மக்கட்கு இரு கண்களாக வைத்துப் போற்றுவது தமிழ் மரபு. இவ்விரண்டனுள் எழுத்தின் வரலாறு மாணவர்க்குப் பலவாறு எடுத்துரைக்கப்படுகின்றது. எண்ணின் வரலாறோ கணித வகுப்புக்கும் மொழி வகுப்புக்கும் இடையே நின்று, இரண்டிலும் முழுமையாகப் பேசப்படாது விடப்படுகின்றது. கணிதம் கற்பிப்போர் அதனை மொழியின் பாற்பட்டதெனக் கருதுவர். மொழி கற்பிப்போர் அதனைக் கணிதத்தின் பாற்பட்டதெனக் கருதுவர். ஆயின் ஓர் எண்ணைச் சொல்லும் முறையும் அதனை எழுதும் முறையும் எவ்வாறு தோன்றின, எவ்வாறு ஒன்றினின்று ஒன்று பிரிந்தன என்பதை அறியாமல், இளஞ்சிறார் எண் கற்கையில் இடர்ப்படுவதன் காரணத்தை முற்றாக உணர்தல் அரிது.

எண், எண்ணுப்பெயர், இலக்கம் என்பன மூன்றும் ஒன்றல்ல. எண் என்பது கருத்து. எண்ணுப்பெயர் என்பது அக்கருத்தை வாயாற் கூறுஞ் சொல். இலக்கம் என்பது அதனைக் கண்ணாற் காண வரையுங் குறி. 'ஏழு' என்பது தமிழன் நாவிலும் ஆங்கிலேயன் நாவிலும் வெவ்வேறு ஒலியாக வரினும் கருத்து ஒன்றே. தமிழிலக்கமாகிய ௭ என்பதும் இன்று உலகெங்கும் வழங்கும் 7 என்பதும் வெவ்வேறு வடிவாயினும் கருத்து ஒன்றே. இம்மூன்றனுள் பெயரே குறியினும் பன்னெடுங்காலம் முந்தியது. எழுத்தறியா மக்கள் யாவரும் எண்ணிப் பெயரிட்டனர். எழுதத் தொடங்கியோர் தம் பெயரிடு முறையைப் பின்பற்றியே முதலிற் குறியிட்டனர்.

தமிழ் எண்ணுப்பெயரின் அமைப்பு

தமிழ் எண்ணுப்பெயர் பத்தை அடியாகக் கொண்டது. கை விரல் பத்தென்பதே இதற்குக் காரணம் என்பது வெளிப்படை. கைவிரலோடு கால்விரலையுஞ் சேர்த்து இருபதை அடியாகக் கொண்ட மக்களும் உளர். பிரெஞ்சு மொழியில் எண்பதை 'நான்கு இருபது' என்றும், தொண்ணூறை 'நான்கு இருபது பத்து' என்றும் கூறும் வழக்கு அப்பழைய முறையின் எச்சமாகும். ஜெர்மானிய மொழியில் இருபத்தொன்றை 'ஒன்றும் இருபதும்' என ஒன்றனை முற்கூறுவர். வடமொழியும் 'ஏகவிம்சதி' என அவ்வாறே கூறும். தமிழோ பெரியதை முன்னும் சிறியதைப் பின்னுமாக வைத்து, 'இருபத்தொன்று' என நேரே சொல்லிச் செல்வது. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்பனவற்றிற் பத்தும் அதன்மேல் வரும் எண்ணும் இன்றுந் தெளிவாகத் தோன்றுகின்றன. ஆங்கிலத்திற் பதினொன்றையும் பன்னிரண்டையுங் குறிக்குஞ் சொற்களில் அத்தெளிவு மறைந்துவிட்டது. 'ஒன்று எஞ்சியது', 'இரண்டு எஞ்சியது' என்னும் அவற்றின் பழம்பொருளை இன்று ஆங்கிலம் பேசுவோர் உணர்வதில்லை.

தமிழ் எண்ணுப்பெயர்கள் தனித்து நிற்கையில் ஒரு வடிவும், மற்றொரு சொல்லோடு சேர்கையில் வேறொரு வடிவுங் கொள்வன. ஒன்று 'ஒரு' எனவும், இரண்டு 'இரு' எனவும், மூன்று 'மு' எனவும், நான்கு 'நால்' எனவும், ஐந்து 'ஐ' எனவும், ஆறு 'அறு' எனவும், ஏழு 'எழு' எனவும், எட்டு 'எண்' எனவும் நிற்கும். இம்மாற்றங்களைத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துக் குற்றியலுகரப் புணரியலில் நிரல்பட விதித்துள்ளார். பத்தோடும் நூறோடும் ஆயிரத்தோடும், அளவுப்பெயரோடும் நிறைப்பெயரோடும் எண்ணுப்பெயர் எவ்வாறு புணரும் என்பதை அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கூறுதல் நோக்கற்பாலது. அக்காலத்திலேயே எண்ணும் அளவும் நிறையும் மக்கள் வழக்கில் நன்கு நிலைபெற்றிருந்தன என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

நூல்களுக்குப் பெயரிடும்போதும் தமிழர் எண்ணையே பெரிதும் ஆண்டனர். எட்டுத்தொகை, பத்துப்பாட்டு, பதினெண்கீழ்க்கணக்கு, அகநானூறு, புறநானூறு, ஐங்குறுநூறு, முத்தொள்ளாயிரம் என்னும் பெயர்களை நோக்குக. இப்பெயர்களைக் கூறும் மாணவன், தான் அறியாமலே எண்ணுப்புணர்ச்சியின் இலக்கணத்தையும் பயில்கின்றான்.

ஒன்பது என்னும் புதிர்

ஒன்று முதல் எட்டு வரையுள்ள பெயர்கள் தத்தம் வேரினின்று பிறந்த தனிச்சொற்கள். ஒன்பது மட்டும் அவ்வாறன்று. அதன் ஈற்றிற் பத்தென்னும் பொருள்தரும் 'பது' நிற்கின்றது. பத்தினுங் குறைந்த ஓர் எண்ணின் பெயரிற் பத்து எவ்வாறு வந்தது? இவ்வினா இத்துடன் நிற்பதன்று. தொண்ணூறு என்பது நூறினுங் குறைந்தது. ஆயினும் அதன் ஈற்றில் 'நூறு' நிற்கின்றது. தொள்ளாயிரம் என்பது ஆயிரத்தினுங் குறைந்தது. ஆயினும் அதன் ஈற்றில் 'ஆயிரம்' நிற்கின்றது. எண்பது, எண்ணூறு என்பனவோடு இவற்றை ஒப்பிடின் முறை பிறழ்ந்திருத்தல் புலனாகும்.

தொல்காப்பியரும் அவர்க்குப் பன்னூற்றாண்டு பிற்பட்ட நன்னூலாரும் இதனைப் புணர்ச்சி விதியால் அமைதி கூறினர். ஒன்பதும் பத்தும் புணருங்கால், ஒகரத்தின்முன் தகரந் தோன்றி, 'பது' கெட்டு, ஏனைய எழுத்துகள் திரிந்து, வருமொழியாகிய பத்து நூறாக மாறித் தொண்ணூறு ஆகும் என்பது அவ்விதியின் சாரம். தொள்ளாயிரத்துக்கும் இவ்வாறே விதி கூறப்பட்டது. வழங்குஞ் சொல்லை வழங்கியவாறே அமைத்துக் காட்டுதல் இலக்கணத்தின் கடன். அச்சொல் அவ்வடிவினை எய்திய வரலாற்றைக் கூறுதல் அதன் கடனன்று. ஆதலின் அவ்விதியைக் குறைகூறல் பொருந்தாது. எனினும் வரலாற்று வினா அதனால் விடைபெறவில்லை.

பழந்தமிழில் ஒன்பதைக் குறிக்கத் 'தொண்டு' என்னும் வேறொரு சொல் வழங்கிற்று. தொல்காப்பியச் செய்யுளியலிலும், பரிபாடலிலும், மலைபடுகடாத்திலும் அச்சொல் காணப்படும். இதனை அடிப்படையாகக் கொண்டு, தேவநேயப் பாவாணர் போன்றோர் ஒரு விளக்கங் கூறினர். தொண்டு என்பது ஒன்பதையும், தொண்பது என்பது தொண்ணூறையும், தொண்ணூறு என்பது தொள்ளாயிரத்தையும் முன்னாளிற் குறித்தன எனவும், தொண்டு என்னுஞ் சொல் வழக்கொழியவே ஏனைய ஒவ்வொன்றும் ஒருபடி கீழிறங்கின எனவும் அவர் கொண்டனர். கன்னடத்தில் ஒன்பது 'ஒம்பத்து' எனவும் தொண்ணூறு 'தொம்பத்து' எனவும் வழங்குதலும், தெலுங்கில் அவை முறையே 'தொம்மிதி', 'தொம்பை' எனவும் வழங்குதலும் ஈண்டு ஒப்புநோக்கத் தக்கன. தொண்ணூறைக் குறிக்குங் கன்னடச் சொல்லில் நூறு இல்லை, பத்தே உண்டு.

மற்றொரு சாரார், 'தொள்' என்பதற்குக் குறை, துளை என்னும் பொருள் உண்மையின், நூறிற் குறைந்தது தொண்ணூறு எனவும் ஆயிரத்திற் குறைந்தது தொள்ளாயிரம் எனவும் கொள்வர். அவர் கொள்கைப்படி ஒன்பது என்பதும் பத்திற் குறைந்தது என்பதேயாம். இவ்வாறு மேலெண்ணை நோக்கிக் குறைத்துப் பெயரிடும் முறை உலகில் அரிதன்று. இலத்தீன் மொழியிற் பத்தொன்பதை 'இருபதிற்கு ஒன்று குறைவு' என்றும் பதினெட்டை 'இருபதிற்கு இரண்டு குறைவு' என்றும் கூறினர். வடமொழியிலும் பத்தொன்பதை 'ஏகோனவிம்சதி' என, ஒன்று குறைந்த இருபதாகக் கூறும் வழக்குண்டு.

இவ்விரு கொள்கைகளுள் முன்னையது, மூன்று பெயரும் ஒருங்கே இடம்பெயர்ந்தன எனக் கொள்ளவேண்டிய இடர்ப்பாடுடையது. வாணிகத்தில் நாளும் வழங்கும் எண்ணுப்பெயர் ஒருபடி இறங்குமாயின், பத்தின் மடங்கு வேறுபாடு கணக்கிற் புகுந்து பெருங்குழப்பம் விளைந்திருக்கும். பின்னையது, கன்னடத் தொம்பத்திற்கு அமைதி கூறவேண்டிய இடர்ப்பாடுடையது. எவ்வாறாயினும் ஓர் உண்மை தெளிவு. எட்டுடன் தனிப்பெயர் வரிசை முடிகின்றது. அதன்பின் வருவது அடுத்த பேரெண்ணின் நிழலில் நின்றே பெயர் பெறுகின்றது. எட்டின் அடையாகிய 'எண்' என்பதும் எண்ணிக்கையைக் குறிக்கும் 'எண்' என்பதும் ஒரே வடிவாயிருத்தல் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

நூறும் ஆயிரமும் அவற்றுக்கு அப்பாலும்

நூறு என்னுஞ் சொல் திராவிட மொழிகள் பலவற்றுக்கும் பொதுவானது. ஆயிரமோ வடமொழிச் 'சகஸ்ரம்' என்பதன் திரிபென்பது மொழியியலார் பலர் துணிபு. கன்னடத்தில் வழங்கும் 'சாவிர' என்பதை அவர் இடைநிலை வடிவுக்குச் சான்றாகக் காட்டுவர். இலட்சம், கோடி என்பனவும் வடசொல் வழிவந்தனவே. இதனால் தமிழர்க்குப் பேரெண் இல்லையென முடித்தல் தவறாம். ஐ, அம், பல் என்னும் ஈற்றுப் பேரெண்ணுப்பெயர்களைத் தொல்காப்பியர் குறித்துள்ளார். அவற்றுக்குத் தாமரை, வெள்ளம், ஆம்பல் என உரையாசிரியர் எடுத்துக்காட்டுத் தந்தனர். பரிபாடலில் நெய்தல், குவளை, ஆம்பல் முதலிய மலர்ப்பெயர்கள் அளவிறந்த காலப்பகுதிகளைக் குறிக்க வருகின்றன. நீர்நிலையை நிறைத்துப் பூக்கும் மலரை எண்ணற்ற தொகைக்குப் பெயராக்கியது அழகிய கற்பனையேயாயினும், நாட்கணக்கிற்கு அது பயன்பட்டிலது. வாணிகனுக்கு வேண்டியன ஆயிரமும் இலட்சமும் கோடியுமே, அவையே நிலைத்தன.

இலங்கையில் இன்று இலட்சமும் மில்லியனும் ஒருங்கே வழங்குகின்றன. பத்து இலட்சம் ஒரு மில்லியன். ஒரு கோடி பத்து மில்லியன். நூறு கோடி ஒரு பில்லியன். முன்னைய முறை ஆயிரத்துக்குமேல் நூறு நூறாக ஏறுவது. பின்னையது ஆயிரம் ஆயிரமாக ஏறுவது. ஒரே செய்தித்தாளில் இரண்டுங் கலந்து வருங்கால் வாசகர் மயங்குதல், அவர் கணிதம் அறியாமையாலன்று; இரு பெயரிடு முறைகள் ஒன்றோடொன்று பொருந்தாமையாலேயாம்.

சொல்லியவாறு எழுதிய தமிழ் இலக்கம்

பழந்தமிழ் இலக்க முறையில் ஒன்று முதல் ஒன்பது வரைக்கும் ௧, ௨, ௩, ௪, ௫, ௬, ௭, ௮, ௯ என ஒன்பது குறிகளும், பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என மூன்று குறிகளும் உள்ளன. இவை பிராமிக் காலத்து இலக்கங்களினின்று வளர்ந்து, காலப்போக்கிற் க, உ, ச, எ, அ, ய முதலிய எழுத்துகளின் வடிவை ஒத்தன. எட்டின் குறி அகரத்தையும், காலின் குறி வகரத்தையும் ஒத்திருத்தலை வைத்து, ஔவையார் பாடியதாக வழங்கும் தனிப்பாடல் ஒன்றில் ஒரு வசைச்சொல் மறைத்துக் கூறப்பட்டுள்ளமை தமிழ் பயில்வோர் பலரும் அறிந்ததே. எழுத்தும் இலக்கமும் ஒரே வடிவாக நிற்பதைக் கேட்போர் உடனே உணர்வர் என்னும் நம்பிக்கை இல்லையேல் அப்பாடல் பிறந்திராது.

இம்முறையின் சிறப்பியல்பு, அது பேச்சை அடியொற்றிச் செல்வதேயாம். இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பத்தைந்து என்பதை ௨௲௩௱௪௰௫ என எழுதுவர். இரண்டு, ஆயிரம், மூன்று, நூறு, நான்கு, பத்து, ஐந்து எனக் குறிகளை வரிசையாகப் படிப்பின் எண்ணுப்பெயரே வந்துவிடும். நூற்றொன்று என்பது ௱௧. நூறு என்று சொல்லுகையில் 'ஒரு' என்பதைச் சேர்க்காதவாறு போலவே, எழுதுகையிலும் ௱ என்பதன்முன் ௧ இடுவதில்லை. இலட்சம் என்பது நூறாயிரம் ஆகலின் ௱௲ என்றாகும்.

இங்குப் பூச்சியத்துக்கு வேலையில்லை. இருநூற்றைந்தை ௨௱௫ என எழுதுகையில், இரண்டு நூறு என்பதை ௱ என்னுங் குறியே அறிவித்துவிடுகின்றது. பத்தின் இடம் வெறுமையென்று காட்ட ஒரு குறி வேண்டப்படவில்லை. இல்லாததைப் பேச்சிற் சொல்லாதவாறே எழுத்திலும் எழுதாது விட்டனர். ஆதலின் தமிழர் பூச்சியத்தை அறியாமையால் எழுதாது விட்டனர் என்பது பொருந்தாக் கூற்று. அவர் கையாண்ட முறைக்கு அது தேவைப்படவில்லை என்பதே உண்மை.

இலங்கையில் முன் வழங்கிய சிங்கள இலக்கமும் இவ்வினத்தது. கண்டி இராச்சியம் 1815ஆம் ஆண்டில் வீழ்வதற்கு முன்னர் வழங்கிய அம்முறையிலும் பூச்சியம் இல்லை. ஆயின் தமிழில் இருபது, முப்பது என்பனவற்றை ௨௰, ௩௰ எனச் சேர்த்தெழுத, சிங்களத்தில் இருபது முதல் தொண்ணூறு வரைக்கும் தனித்தனிக் குறிகள் இருந்தன. பிராமி இலக்கங்களிலும் பத்துகளுக்குத் தனிக்குறிகளே உண்டு. ஒரு மூலத்தினின்று பிறந்த இரு முறைகளுள் ஒன்று பழமையைப் பேணிற்று. மற்றொன்று குறிகளைச் சுருக்கிற்று. சோதிடக் கணக்கிற்குச் சிங்களத்தில் வழங்கிய 'லித்' இலக்கங்களிற் பூச்சியம் உண்டு என்பதும் குறிப்பிடத்தக்கது.

கீழ்வாய் இலக்கம்

முழுவெண்களினும் பின்னங்களிலேயே தமிழரின் பெயரிடு திறன் மிக்கு விளங்குகின்றது. முக்கால், அரை, கால், அரைக்கால் என்பன இன்றும் வழங்குவன. அவற்றின்கீழ் மாகாணி எனவும் வீசம் எனவும் வழங்குவது பதினாறில் ஒன்று. மா இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. முந்திரிக்கும் கீழே செல்லவேண்டின், 'கீழ்' என்னும் அடையைச் சேர்த்து அதே பெயர்களை மீண்டும் ஆண்டனர். கீழ் என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்காகக் குறைப்பது. ஆகவே கீழ்முந்திரி என்பது 1,02,400இல் ஒன்று. அதனையும் இருபத்தொரு கூறாக்கி இம்மி என்றனர். அது 21,50,400இல் ஒன்றாகும். காரிநாயனார் இயற்றியதாக வழங்குங் கணக்கதிகாரம் இத்தகைய வாய்பாடுகளைத் தொகுத்துரைப்பது.

இவை ஏட்டளவில் நின்ற கற்பனைகளல்ல. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் நிலவளவு வேலியின் 52,42,88,00,000இல் ஒரு பங்குவரை கணக்கிடப்பட்டு இறை விதிக்கப்பட்டமையை வரலாற்றறிஞர் நீலகண்ட சாத்திரியார் எடுத்துக்காட்டினார். அவ்வெண் முந்நூற்றிருபதை நான்குமுறை பெருக்கி வந்ததன் ஐந்து மடங்காகும். ஒரே பெயர்த் தொகுதியைக் கீழ், கீழின் கீழ் எனப் படிப்படியாக இறக்கிச் செல்லும் இம்முறையில், இடத்தால் மதிப்பு மாறும் என்னுங் கருத்து ஏறக்குறையத் தோன்றிவிட்டது எனலாம். ஆயினும் அது பெயரளவில் நின்றதேயன்றிக் குறியாக வளரவில்லை.

இடமதிப்பின் தோற்றம்

ஒரே குறி நிற்கும் இடத்துக்கேற்ப ஒன்றையும் பத்தையும் நூறையும் உணர்த்தும் முறையே இடமதிப்பு முறை. பாபிலோனியர் அறுபதை அடியாகக் கொண்டு இம்முறையை ஆண்டனர். நடு அமெரிக்க மாயர் இருபதை அடியாகக் கொண்டு ஆண்டனர். பத்தை அடியாகக் கொண்டு ஒன்பது குறியும் பூச்சியமுமாக அதனை நிறைவித்தது இந்தியா.

இம்முறை இந்தியாவிற் குறிகளால் மட்டுமன்றிச் சொற்களாலும் வழங்கிற்று என்பது கருதத்தக்கது. வானநூலார் தம் நூல்களைச் செய்யுளில் யாத்தனர். நீண்ட எண்களைச் செய்யுளில் அடக்குதற்பொருட்டு, ஆகாயம் என்றால் பூச்சியம், கண் என்றால் இரண்டு, வேதம் என்றால் நான்கு எனப் பொருட்பெயர்களை எண்ணுக்கு ஈடாக்கி, ஒன்றின் இடந் தொடங்கி வரிசையாகக் கூறினர். பத்து, நூறு என்னும் பெயர்கள் அங்கு வருவதில்லை. வரிசையே மதிப்பைத் தந்தது. இவ்வகையிற் பழமை வாய்ந்த சான்றாகக் காட்டப்படும் 'லோகவிபாகம்' என்னுஞ் சமண நூல் தமிழகத்தோடு தொடர்புடையது. காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் இருபத்திரண்டாம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 380இல், அதாவது கி. பி. 458இல், பாடலிகை என்னும் ஊரில் மூலநூல் எழுதப்பட்டதாக அதன் இறுதியிற் கூறப்பட்டுள்ளது. பாடலிகை இன்றைய கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூர் என்பர். இன்று கிடைப்பது பிற்காலத்து வடமொழி ஆக்கமே எனினும், பல்லவ நாட்டுச் சமணர் எண்ணாராய்ச்சியில் ஈடுபட்டமைக்கு அது கரியாகும்.

ஆரியபடர் 499ஆம் ஆண்டளவில் யாத்த நூலில், ஓரிடத்துக்கு அடுத்த இடம் பத்து மடங்கென்பதைத் தெளிவாகக் கூறினார். பிரமகுப்தர் 628ஆம் ஆண்டிற் பூச்சியத்தைக் கூட்டல், கழித்தல், பெருக்கல் ஆகியவற்றில் ஓர் எண்ணாகவே கொண்டு விதிகள் வகுத்தார். வெறுமையைக் காட்டும் அடையாளம் எண்ணென்னும் நிலையை எய்தியது இங்கேயாம். கேரளத்தில் வழங்கிய கடபயாதி முறை எழுத்துகளுக்கு எண்மதிப்புத் தந்தது. கர்நாடக இசையின் எழுபத்திரண்டு மேளகர்த்தா இராகங்களின் பெயர்களில் முதலிரண்டு எழுத்துகள் அவற்றின் வரிசையெண்ணைத் தருவது இம்முறையாலேயே. மாயாமாளவகௌளையில் 'மா' ஐந்து, 'யா' ஒன்று. ஒன்றின் இடத்தை முதலாகக் கொள்ளப் பதினைந்தாம் மேளம் என்பது பெறப்படும்.

கல்வெட்டுச் சான்றுகளை நோக்கின், பூச்சியக் குறியோடு கூடியனவாய் ஆண்டு தெளிவுற்றவற்றுட் பழையன தென்கிழக்காசியாவில் உள்ளன. கம்போடியாவின் சம்போர் என்னும் இடத்துக் கல்வெட்டில் சக ஆண்டு 605 என்பது பூச்சியத்துக்கு ஒரு புள்ளியிட்டு எழுதப்பட்டுள்ளது, அது கி. பி. 683ஆம் ஆண்டு. சுமாத்திராவிலும் அவ்வாண்டை ஒட்டிய கல்வெட்டுகள் கிடைத்தன. இவற்றின் சிறப்பை 1931ஆம் ஆண்டிற் பிரெஞ்சு அறிஞர் சோர்சு செதேசு எடுத்துரைத்தார். இந்தியாவில் குவாலியர்க் கோயிற் கல்வெட்டொன்று, 876ஆம் ஆண்டில், 270 முழ நீளமுள்ள பூந்தோட்டத்தையும் நாள்தோறும் வழங்கவேண்டிய 50 மாலைகளையுங் கூறுகையிற் பூச்சியத்தைச் சிறு வட்டமாக வரைந்துள்ளது.

மேற்றிசைச் செலவு

இந்திய இலக்கங்களின் புகழ் 662ஆம் ஆண்டிலேயே யூபிரடீசு நதிக்கரையை எட்டிற்று. அங்கிருந்த சிரிய ஆயர் செவரசு செபோக்து, கிரேக்கரே அறிவிற் சிறந்தோர் எனத் தருக்கியோரை மறுக்குமுகமாக, இந்தியர் ஒன்பது குறிகளாற் கணக்கிடுந் திறத்தைப் பாராட்டி எழுதினார். ஒன்பதாம் நூற்றாண்டிற் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிசுமி இந்திய இலக்கங் கொண்டு கணக்கிடும் முறையைப் பற்றி நூல் செய்தார். அதன் அரபு மூலம் மறைந்தது. இலத்தீன் மொழிபெயர்ப்பே எஞ்சியுள்ளது. பைசா நகரத்து லியனார்டோ 1202ஆம் ஆண்டில் எழுதிய கணக்கு நூல் இத்தாலிய வணிகரிடை இம்முறையைப் பரப்பிற்று. வடமொழிச் 'சூனியம்' அரபியிற் 'சிபர்' ஆயிற்று. அதனின்றே ஐரோப்பிய மொழிகளின் பூச்சியப் பெயர்கள் பிறந்தன. தமிழர் பேச்சில் வழங்குஞ் 'சைபர்' என்பது, இந்தியாவினின்று சென்ற கருத்து அரபிய உடையும் ஐரோப்பிய உடையும் அணிந்து மீண்டு வந்த வடிவேயாம்.

புதுமுறை எதிர்ப்பின்றி நிலைபெறவில்லை. புளோரன்சு நகரத்து நாணய மாற்றுநர் சங்கம் 1299ஆம் ஆண்டில் தன் உறுப்பினர் கணக்கேடுகளில் இவ்விலக்கங்களை ஆளலாகாது என விதித்தது. பூச்சியத்தைச் சிறிது வளைத்து ஆறாகவும் ஒன்பதாகவும் திருத்துதல் எளிது. ஈற்றில் ஒரு குறியைச் சேர்த்துத் தொகையைப் பத்து மடங்காக்குதல் அதனினும் எளிது. இவ்வச்சம் இன்றுந் தீர்ந்திலது. காசோலையில் தொகையை இலக்கத்தாலும் எழுத்தாலும் எழுதுதல் இதன்பொருட்டேயாம். இரண்டும் முரணின் எழுத்தால் எழுதியதே செல்லும் என 1882ஆம் ஆண்டின் பிரித்தானிய மாற்றுண்டியற் சட்டம் விதித்தது. இலங்கைச் சட்டமும் அதனை அடியொற்றியது. குறி விரைவைத் தந்தது. பெயரோ காவலைத் தருகின்றது.

தமிழ் இலக்கத்தின் மாற்றம்

இவ்விடமதிப்பு முறை தமிழ் இலக்கத்தைச் சார்ந்தது பிற்காலத்தேயாம். 1825ஆம் ஆண்டில் வெளிவந்த 'கணித தீபிகை' என்னும் நூலிற் பந்துல ராமசாமி நாயக்கர் தமிழ் இலக்கங்களோடு பூச்சியத்தைச் சேர்த்துக் கணக்கிடும் முறையை விளக்கினார். அதன்பின் ௰, ௱, ௲ என்னும் மூன்று குறிகளும் மெல்ல மெல்ல இடமிழந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சான தமிழ் நூல்களின் பக்க எண்களை நோக்குவோர், சிலவற்றில் ௰௨ எனவும் சிலவற்றில் ௧௨ எனவும் பன்னிரண்டு எழுதப்பட்டிருத்தலைக் காண்பர். பின்னர் ஒன்பது குறிகளும் பொதுவழக்கினின்று விலகி, உலகப் பொதுவிலக்கங்கள் அவ்விடத்தைப் பெற்றன. கணினிக்கென வகுக்கப்பட்ட யுனிகோடு முறையிலும் தமிழ் இலக்கங்கள் முதலிற் பூச்சியமின்றியே இடம்பெற்றன. 2005ஆம் ஆண்டிலேயே தமிழ்ப் பூச்சியம் சேர்க்கப்பட்டது.

இம்மாற்றத்தால் எய்திய நன்மை பெரிது. ௨௲௩௱௪௰௫ என்னும் ஏழு குறிகளின் இடத்தில் நான்கே போதும். ஒன்றின்கீழ் ஒன்றும் பத்தின்கீழ்ப் பத்துமாக அடுக்கிக் கூட்டவும் பெருக்கவும் இயலும். பழைய முறையிற் கணக்கை ஏட்டிற் செய்ததில்லை. எண்சுவடியை மனனஞ் செய்து வாயாலும் மனத்தாலும் செய்து, முடிபையே ஏட்டிற் பொறித்தனர். திண்ணைப் பள்ளி மாணவனின் வியத்தகு மனக்கணக்கிற்கு அதுவே காரணம்.

வகுப்பறையில் இதன் பயன்

இவ்வரலாறு ஆசிரியர்க்கு ஓர் உண்மையை உணர்த்துகின்றது. கீழ்வகுப்பு மாணவனிடம் 'நூற்றொன்று' எழுதுக என்றால், 1001 என அவன் எழுதுதல் உண்டு. 'முந்நூற்று அறுபத்தைந்து' என்பதற்கு 300605 என எழுதுதலும் உண்டு. இவை கவனமின்மையால் நேர்ந்த பிழைகளென ஒறுத்துத் திருத்துவோர் பலர். உண்மையில் அம்மாணவன் கேட்டவாறே எழுதுகின்றான். நூறு என்பதற்கு 100 என அறிந்தான். ஒன்று என்பதற்கு 1 என அறிந்தான். கேட்ட வரிசையில் இரண்டையும் வைத்தான். ௱௧ எனவும் ௩௱௬௰௫ எனவும் அவன் முன்னோர் எழுதிய நெறியும் அதுவே. அவர்க்கு அது சரியான இலக்கம். அவனுக்கு அது பிழையாகின்றது. பெயர் மாறாதிருக்க, எழுதும் முறை மட்டும் மாறியதன் விளைவு இது.

ஆகவே திருத்தவேண்டியது மாணவனின் கருத்தின்மையையன்று. பெயருக்குங் குறிக்கும் இடையே உள்ள வேறுபாட்டை அவனுக்குக் காட்டுதலே வேண்டியது. 300, 60, 5 என மூன்று அட்டைகளில் எழுதி, அவற்றை வலப்பக்க ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவித்தால், சிறிய எண் பெரிய எண்ணின் பூச்சியத்தை மறைத்து 365 தோன்றுதலைச் சிறுவன் தானே காண்பான். பூச்சியம் வெறுமையன்று, வருவார்க்கு வைக்கப்பட்ட இருக்கை என்பது அவனுக்கு அப்பொழுது விளங்கும். தமிழ் எண்ணுப்பெயரின் தெளிவும் இதற்கு உறுதுணையாகும். அறுபத்தைந்து என்னுஞ் சொல்லிலேயே ஆறும் பத்தும் ஐந்தும் உள்ளன என்பதைப் பிரித்துக் காட்டுதல் ஆசிரியர்க்கு எளிது. தொண்ணூற்றில் மட்டும் ஒரு கணம் நின்று, நூறு என்னும் ஒலி கேட்பினும் அது நூறன்று என்பதை விளக்கல் வேண்டும்.

தமிழ் இலக்கங்களை மீண்டும் அன்றாடக் கணக்கிற்குக் கொணர்தல் இயல்வதன்று; அது வேண்டுவதுமன்று. ஆயின் அவற்றைக் கல்வெட்டாராய்வோர்க்கும் ஏட்டுச்சுவடி பதிப்போர்க்கும் மட்டும் உரியனவெனத் தள்ளிவிடுதலும் தகாது. ஒரு பாடவேளையில் அப்பன்னிரண்டு குறிகளையுங் கற்பித்து, ஓரெண்ணைப் பழைய முறையிலும் புதிய முறையிலும் எழுதுவித்தால், இடமதிப்பு என்பது இயல்பாக அமைந்ததன்று, மக்கள் பன்னூற்றாண்டு முயன்று கண்ட அரிய உபாயம் என்பதை மாணவர் உணர்வர். எண்ணின் பெயரைத் தாய்மொழி தந்தது. இலக்கத்தின் வடிவை உலகம் தந்தது. இரண்டையும் இணைத்துக் காட்டும் பணி, மொழி ஆசிரியர்க்கும் கணித ஆசிரியர்க்கும் ஒருங்கே உரியது.